ஜன்னலுக்கு நான் எழுதிய பிறப்புச் சான்றிதழ்

ஜூலை 14, ஞாயிறு

சுகிர்தா பரீட்சை எழுதிவிட்டு மூன்று மணிக்கு வந்தாள். வெயிலில் முகம் கறுத்துக் கிடந்தது, ஆனாலும் வாயெல்லாம் சிரிப்பு. செருப்பைக் கழற்றுமுன் கேள்வித்தாளை என் மடியில் போட்டாள்.

“மைனி, ஒங்க கேள்வி வந்திருக்கு. நூத்திப் பன்னெண்டாவது பாருங்க.”

கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ‘விண்டோ என்ற ஆங்கிலச் சொல் எந்தத் தமிழ்ச் சொல்லை அடியொற்றிப் பிறந்தது? அ. சாளரம். ஆ. காலதர். இ. பலகணி. ஈ. இவற்றுள் எதுவுமில்லை.’

“நான் யோசிக்கவே இல்ல. ஆ போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். பக்கத்துல உள்ளவ எல்லாம் பேனாவக் கடிச்சிக்கிட்டு இருந்தாளுவ.”

நல்லது என்றேன். சாப்பிட்டாயா என்றேன். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தேன். வெயில்தான், வேறொன்றுமில்லை.

சுகிர்தா என் தம்பி சாலமோனின் மனைவி. அவன் இறந்துபோய் நான்கு வருடம் ஆகிறது. அதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறாள், அவர்கள் கொடுக்கிற சம்பளத்தைச் சம்பளம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தலைமைச் செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு இது மூன்றாவது முயற்சி. கிடைத்தால் மெட்ராஸ் போய்விடுவாள். மெட்ராஸ் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, இருந்தாலும் கிடைக்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. மாடி ஜன்னல் கதவு ஒன்று நாள் முழுவதும் அடித்துக்கொண்டிருந்தது. கொக்கி போட ஆள் வரச் சொல்ல வேண்டும்.

அந்தக் கேள்வியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்தேன். அதனால் நாள் முழுவதும் அதையேதான் நினைத்தேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆங்கிலச் சொற்கள் பிறந்த கதையை வாரம் ஒன்றாக எழுதினேன். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள் தமிழில் எழுதுகிறாளே என்று ஊரே பாராட்டியது. பிறகு புத்தகமாக வந்தது. இப்போது பரீட்சைக்குத் தயார் செய்கிற சென்டர்களில் எல்லாம் அதன் ஜெராக்ஸ்தான் ஓடுகிறது என்று கேள்வி.

விண்டோ கட்டுரை முக்கால்வாசி சரியானது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். வடகடல் பக்கத்து மாலுமிகளின் பேச்சில் ‘காற்றுக்கண்’ என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. அவர்கள் இங்கிலாந்தில் வந்து குடியேறியபோது அதுவும் கூடவே வந்து, நாளடைவில் விண்டோ ஆயிற்று. அதற்கு முன் இங்கிலீஷ்காரர்கள் ஜன்னலைக் ‘கண் துளை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி எல்லாம் கிடையாது, சுவரில் ஓர் ஓட்டை. நம்முடைய பழைய சொல்லான காலதரும் அப்படித்தான். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

கடைசிப் பத்தியில் மட்டும் கொஞ்சம் அழகுபடுத்தினேன். யார்தான் செய்யவில்லை.

ஜூலை 22, திங்கள்

தற்காலிக விடைகளை வெளியிட்டுவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டுக்கு விடை ஆ.

சுகிர்தா பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். இருநூறுக்கு நூற்று அறுபத்தெட்டு சரி. சென்டர்க்காரர் மாநிலம் முழுவதும் விசாரித்துவிட்டாராம், நூற்று அறுபத்தெட்டு வரைக்கும் நிச்சயம் உள்ளே எடுப்பார்களாம், அதற்குக் கீழே ஒன்று குறைந்தாலும் இல்லையாம்.

“விளிம்புல நிக்கேன் மைனி. ஆனா உள்ளதான் நிக்கேன்.”

சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சாலமோன் போனபோது அவள் இப்படி அழவில்லை. நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

விடை தவறு என்று நினைப்பவர்கள் ஆதாரத்தோடு ஏழு நாளுக்குள் ஆட்சேபணை அனுப்பலாம் என்று அறிவிப்பில் இருக்கிறது. யார் அனுப்பப் போகிறார்கள்? ஜன்னலைப் பற்றி யாருக்கு அக்கறை?

அந்தக் கடைசிப் பத்தியைப் புத்தகத்தில் எடுத்துப் படித்தேன். வடகடல் மாலுமிகள் அந்தச் சொல்லைத் தாங்களாக உண்டாக்கவில்லை, நம் கொற்கைப் பக்கத்து வணிகர்களிடம் காலதர் என்ற சொல்லைக் கேட்டு அதை அப்படியே தங்கள் பேச்சில் பெயர்த்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். அதற்குச் சான்றாக, ஹார்க்கோர்ட் என்ற பாதிரியார் இங்கே பாளையங்கோட்டையில் இருந்து 1823இல் தன் சகோதரருக்கு எழுதிய கடிதம் ஒன்றைக் காட்டியிருக்கிறேன். இரண்டு வரி மேற்கோள்கூட இருக்கிறது.

அந்தக் கடிதத்தை நான் என் கண்ணால் பார்த்ததில்லை என்பது உண்மைதான்.

ஜூலை 26, வெள்ளி

பகல் பதினொன்றரைக்கு, வகுப்பு முடிந்து வந்து உட்கார்ந்ததும் போன். தெரியாத நம்பர்.

“ஹெப்சிபா மேடமா? கும்பிடுதேன்மா. என் பேரு கொம்பையா. கோவில்பட்டில ஒரு பிரஸ்ல புரூப் பாக்கேன். ஒங்க புஸ்தகத்த ரெண்டு தடவ படிச்சிருக்கேன்.”

மகிழ்ச்சி என்றேன்.

“மொழிபெயர்ப்பாளர் பரிச்ச எழுதினேன்மா. அந்த ஜன்னல் கேள்விக்கு நான் ஈ போட்டுட்டேன், அது போக நூத்தி அறுபத்தேழு வருது. ரெண்டு மூணு டிக்‌ஷ்னரி பாத்தேன், எதுலயும் தமிழ்ல இருந்து வந்துச்சுன்னு இல்ல. ஆனா ஒங்க புஸ்தகத்துல ஒரு கடுதாசி சொல்லியிருக்கியள்லா. அது எங்க இருக்குன்னு சொன்னியள்னா நான் போய்ப் பாத்துக்கிடுவேன். நான்தான் தப்புன்னா ஆட்சேபணைய வாபஸ் வாங்கிருதேன்.”

மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்படிச் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று மென்று முழுங்கி வைத்துவிட்டேன்.

அடுத்த வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டு தரம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்தபோதுதான் தெரிந்தது.

ஜூலை 27, சனி

போன் அடித்தாலே உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. சுகிர்தாவை எடுக்கச் சொன்னேன். கேஸ் சிலிண்டர்க்காரன்.

ஜூலை 31, புதன்

பிரஷர் நூற்று எழுபது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றார். இல்லை என்றேன்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூடப் பொய் சொன்னால் அப்புறம் நான் எங்கே போய் நிற்பது? கடிதம் இல்லை. பாதிரியார் இல்லை. ஹார்க்கோர்ட் என்பது எங்கள் வீட்டில் இருந்த ஒரு பழைய தலையணை உறையில் தைத்திருந்த பெயர், எந்தக் கம்பெனியோ. அந்த வாரம் புதன்கிழமைக்குள் கட்டுரை கொடுக்க வேண்டும். காற்றுக்கண்ணும் காலதரும் ஒன்றுக்கொன்று அவ்வளவு அழகாகப் பொருந்தி நின்றன. இரண்டையும் கட்டிப்போட ஒரு நூல் வேண்டியிருந்தது, நானே திரித்தேன். பத்திரிகையில் வந்ததும் எழுபது கடிதம் வந்தது. தமிழின் பெருமையை நிலைநாட்டினீர்கள் என்று ஒரு தமிழாசிரியர் சால்வையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவரிடம் போய் என்ன சொல்ல முடியும்? தினம் நாம் வாயில் வைத்திருக்கும் ஜன்னல் என்ற சொல்லே போர்த்துகீசியரிடம் வாங்கியது என்று அதே கட்டுரையில் எழுதியிருந்தேன். அதை ஒருவரும் பாராட்டவில்லை.

பதினொரு வருடமாக யாரும் கேட்கவில்லை. இனிக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

கொம்பையா வீட்டுக்கே வந்துவிட்டார்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு துணிப்பை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. இறங்காமல் அப்படியே நிற்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் சுகிர்தா கதவைத் திறந்து, வாங்க, மைனி மேலதான் இருக்காங்க, உக்காருங்க என்று சொல்லிவிட்டாள்.

நான் இறங்கி வந்தபோது அவருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். இவள் நூற்று அறுபத்தெட்டு, அவர் நூற்று அறுபத்தேழு. அந்த ஒரு கேள்வியின் விடை மாறினால் இவர் உள்ளே, இவள் வெளியே. இரண்டு பேருக்கும் அது தெரியாது. சீனி போதுமா என்று இவள் கேட்கிறாள், போதும் தாயி என்று அவர் சொல்கிறார். கடைக்குப் போய் மல்லித்தழை வாங்கி வா என்று அவளை விரட்டினேன். வீட்டில் மல்லித்தழை ஒரு கட்டு இருந்தது.

“நேர்ல வந்ததுக்கு மன்னிக்கணும்மா,” என்றார். “நீங்க தேடிப் பாக்கேன்னு சொன்னிய. ஒங்களுக்கு வேலை இருக்கும்லா, அதான் நானே தேடிப் பாத்தேன்.”

பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். லீவு போட்டுவிட்டு மூன்று நாள் பழைய ஆவணங்களைப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்த பாதிரிமார் அத்தனை பேரின் பட்டியலையும் கையாலேயே எழுதி வந்திருந்தார். எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருந்தது.

“ஹார்க்கோர்ட்னு ஒருத்தர் இல்லவே இல்லம்மா. மூணு வாட்டி பாத்துட்டேன். பேரே இல்ல.”

நூலகம் இடம் மாறியபோது அந்தக் கட்டு தொலைந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். என் வாய் தானாகப் பூசி மெழுகிக்கொண்டே போனது. அதை நிறுத்த முடியவில்லை. கடைசியில் அவர் காகிதங்களை அடுக்கி மறுபடி பைக்குள் வைத்தார்.

“ஒங்கள யாரோ நல்லா ஏமாத்தியிருக்காவம்மா,” என்றார். “போலிக் கடுதாசியக் கொண்டாந்து காட்டியிருக்கான். நீங்க நம்பிட்டிய. படிச்சவங்களத்தான் இப்படி ஏமாத்துவானுவ. ஆட்சேபணைல ஒங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்த எழுதல. கவலப்படாதிய.”

போகும்போது காப்பி நல்லா இருந்துச்சுன்னு அந்தத் தங்கச்சிகிட்ட சொல்லுங்க என்றார். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தேர்வு வாரியத்திலிருந்து போன். நல்ல குரலில் ஒரு பெண். ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க நிபுணர் குழு கூடுகிறதாம், ஆங்கிலத்துக்கு என்னை அழைக்கிறார்களாம். பதின்மூன்றாம் தேதி சென்னையில்.

முடியாது என்றிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அதோடு, நான் போகாவிட்டால் வேறு யாராவது போவார்கள். அவர்கள் என் புத்தகத்தைப் புரட்டுவார்கள். நானே அங்கே உட்கார்ந்திருந்தால் யாரும் என் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். இப்படி எல்லாம் என் புத்தி வேலை செய்கிறது என்பதை இன்றுதான் கண்டேன். சரி என்றேன்.

மெயிலில் ஒரு உறுதிமொழிப் படிவம் வந்தது. கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் யாரும் இந்தத் தேர்வை எழுதவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். தம்பி மனைவி என்று அதில் இல்லை. மூன்று தரம் படித்துப் பார்த்தேன். இல்லவே இல்லை. போட்டேன்.

சுகிர்தாவிடம் கல்லூரி வேலையாக மெட்ராஸ் போகிறேன் என்று சொன்னேன். அங்கே வேலை செய்யும் பெண்கள் தங்குகிற விடுதி ஏதாவது இருந்தால் பார்த்து வரச் சொன்னாள். வாடகை, சாப்பாடு எல்லாம் கேட்டு வர வேண்டுமாம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்னொன்று பாக்கி இருக்கிறது. இவ்வளவு எழுதியும் அதை எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம். நான் அடுப்படியில் மீன் உரசிக்கொண்டிருந்தேன். சுகிர்தா நிலைப்படியில் என் புத்தகத்தோடு நின்றாள். “மைனி, இந்த விண்டோ சங்கதி நெசந்தானா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, படிக்கிற பிள்ளை சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். அப்போது பத்திரிகையும் இல்லை, சால்வையும் இல்லை, என்னை அவசரப்படுத்த யாரும் இல்லை. கையில் மீன் செதிலோடு அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஆமா, பின்ன?” என்றேன்.

அவள் சரி என்று போய்விட்டாள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் செய்ததற்காவது ஒரு சாக்கு சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? பயமாக இருக்கிறது. கொம்பையாவை நினைத்தோ, வாரியத்தை நினைத்தோ இல்லை. சுகிர்தாவுக்குத் தெரிய வரும் நாளை நினைத்துத்தான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பெட்டியில் நான்கு சேலை வைத்திருக்கிறேன். ஒரு நாளுக்கு எதற்கு நான்கு? கொம்பையாவின் பட்டியல் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரே ஒரு ஹார்க்கோர்ட்டுக்காக அத்தனை பெயரையும் கையால் எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 14, புதன்

காலை ரயிலில் வந்து இறங்கினேன். நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

ஏ.சி. அறை, நீள மேசை, பிஸ்கட் தட்டு. குழுத் தலைவர் திருவேங்கடம், ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், வாய் நிறையச் சிரிப்பு. பக்கத்தில் மொழியியல் துறை டாக்டர் பர்வீன். முடியைப் பின்னால் இழுத்துக் கட்டிய, அதிகம் சிரிக்காத பெண். மற்ற கேள்விகள் பத்துப் பத்து நிமிடத்தில் முடிந்தன. பிறகு நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

திருவேங்கடம் என் புத்தகத்தையே கையில் வைத்திருந்தார்.

“இதுக்கு எதுக்கு விவாதம்? எழுதினவங்களே இங்க உட்கார்ந்திருக்காங்க. ஆட்சேபணை அனுப்பினவர் யாரோ ஒரு புரூப் ரீடர். கடிதம் கிடைக்கலைங்கிறார். கிடைக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? தமிழுக்குக் கௌரவமான விஷயம், நாமளே ஏன் விட்டுக்கொடுக்கணும்? ஆ-வே இருக்கட்டும். மேடம், ஒரு கையெழுத்து.”

தாளை என் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டால் சுகிர்தாவுக்கு வேலை, எனக்கு மரியாதை, தமிழுக்குக் கௌரவம். தாளில் பேனாவை வைத்தும்விட்டேன். ஹெ என்று எழுதினேன்.

“கடிதம் இல்லை,” என்றேன்.

“தொலைஞ்சிருக்கும். அதான் சொல்றேனே.”

“தொலையலை சார். எப்பவுமே இருந்ததில்லை. நான்தான் எழுதினேன்.”

பிஸ்கட்டைக் கடித்த வாயோடு திருவேங்கடம் அப்படியே இருந்தார். பர்வீன் என்னையே பார்த்தார்.

“இத்தனை வருஷம் சொல்லாம இப்ப ஏன் சொல்றீங்க?” என்று பர்வீன் கேட்டார். “உங்க ஆளு யாராவது ஈ போட்டிருக்காங்களா?”

நியாயமான கேள்வி. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

“என் தம்பி மனைவி எழுதியிருக்கிறா. என் வீட்டிலதான் இருக்கிறா. அவ ஆ போட்டிருக்கிறா. விடையை மாத்தினா அவளுக்கு வேலை போயிடும்.”

படிவத்தில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு எல்லாம் வந்துவிட்டது. பிறகு பர்வீன் கேட்டதற்காக அந்தச் சொல்லின் உண்மைக் கதையைச் சொன்னேன். அங்கே குளிரில் இருந்தவன் சுவரில் ஓர் ஓட்டை போட்டான், காற்று வந்தது, காற்றுக்கண் என்றான். இங்கே வெயிலில் இருந்தவனும் ஓட்டை போட்டான், காற்று வந்தது, காற்று வழி என்றான். இவன் அவனைப் பார்த்ததில்லை, அவன் இவனைப் பார்த்ததில்லை. இருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, அதுவே எவ்வளவு பெரிய சங்கதி. பதினொரு வருடத்துக்கு முன்னால் இதை மட்டும் எழுதியிருந்தால் போதுமே என்றும் சொன்னேன்.

விடை ஈ என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். வாரியம் உங்களிடம் விளக்கம் கேட்கும் என்று திருவேங்கடம் சொன்னார். சிரிப்பு போய்விட்டிருந்தது. படியிறங்கும்போது பர்வீன் மட்டும் என் கைப்பையை வாங்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் கூட வந்தார்.

பயம் போய்விடும் என்று நினைத்தேன். அது கூடவே ரயில் ஏறி ஊருக்கு வந்துவிட்டது.

“ஹாஸ்டல் பாத்தியளா மைனி?” என்று சுகிர்தா கேட்டாள். நேரமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சொல்லவில்லை. லீவு நாள், அவள் சந்தோஷமாகப் பரண் சுத்தம் செய்தாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். ஜெபம் செய்து முடித்ததும் அவள், “கொழம்புல உப்பு இல்லையோ, ஒரு மாதிரி இருக்கிய,” என்றாள். உப்பு இருந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இறுதி விடைகள் வந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“மாத்திட்டாவ மைனி. ஒங்க கேள்வியத்தான் மாத்தியிருக்காவ. ஒங்களுக்கே தெரியாததா இவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு? நீங்க ஒரு லெட்டர் போடுங்க. நீங்க சொன்னாக் கேப்பாவ.”

போடுகிறேன் என்றேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. போடுகிறேன் என்றேன்.

பிறகு மார்க்கெட்டுக்குப் போய் சாளை மீன் வாங்கி வந்தேன். அவளுக்குப் பிடிக்கும். மெட்ராஸில் இந்த மாதிரி சாளை கிடைக்காது.

ஆகஸ்ட் 21, புதன்

சொல்லிவிட்டேன்.

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கடிதம் இல்லை என்பதில் ஆரம்பித்து, தலையணை உறை, கொம்பையா, படிவம், குழு என்று ஒன்று விடாமல் சொன்னேன். விடையை மாற்றச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். அன்று அடுப்படியில் நீ கேட்டபோது பொய் சொன்னேன் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசித் துணியையும் மடித்து அடுக்கின பிறகுதான் பேசினாள்.

“டிக்‌ஷ்னரில வேறதான் போட்டிருந்துச்சு மைனி.”

“எந்த டிக்‌ஷ்னரில?”

“எங்க ஸ்கூல் லைப்ரரில பெருசா ஒண்ணு இருக்குல்லா, அதுல. பரிச்சைக்கு முன்னாடியே பாத்துட்டேன். காத்துக்கண்ணுன்னு மட்டும் இருந்துச்சு, தமிழப் பத்திப் பேச்சே இல்ல. அதான் அன்னைக்கு வந்து ஒங்ககிட்ட கேட்டேன். நீங்க ஆமான்னு சொன்னிய. டிக்‌ஷ்னரி எழுதினவன் என்னத்தக் கண்டான், மைனி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்.”

துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இதுவரை கலந்தே அடுக்கிக்கொண்டிருந்தவள், என் சேலைகளைத் தனியாகப் பிரித்து என் அலமாரியில் வைத்திருந்தாள். அதைப் பிறகுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கொம்பையா போன் செய்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதாம். எனக்குக் கோடி நன்றி சொன்னார். ஏமாற்றினவனைக் கண்டுபிடித்தீர்களா என்றும் கேட்டார். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். யாரும்மா என்று கேட்டார். நான்தான் என்றேன். பிறகு, ஒடம்பப் பாத்துக்கிடுங்கம்மா என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சுகிர்தா நாசரேத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்திலும் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு பை நிறையப் புத்தகம்.

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன்.

“கோவமா இருக்கியா?” என்று கேட்டேன்.

“கோவம்லாம் இல்ல மைனி. இருந்தா அன்னைக்கே போயிருப்பேன். அடுத்த பரிச்சைக்குப் படிக்கணும்லா.”

“இங்க இருந்து படிக்கலாமே. ஒனக்கு என்ன குறை?”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. குரலில் அது தெரியவில்லை.

“இங்க இருந்தா, ஒரு சந்தேகம்னா ஒங்ககிட்டதான் வந்து கேப்பேன். இத்தன நாள் பழக்கம். கேக்காம இருக்க எனக்கு வராது மைனி. நீங்க சொன்னா நம்பாம இருக்கவும் வராது. அதுக்குத்தான் போறேன்.”

கண்டக்டர் விசில் அடித்தார். மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னாள். சரி என்றேன். பஸ் கிளம்பிப் போனது.